கத்திக்கு ஒரு கம்பி

அப்புத்தளைக்குக் கீழே ஊத்துமலைத் தோட்டத்துப் பொதிக்கூடத்துக்கு இரண்டாவது மெஷின் வரப்போகிறது என்ற பேச்சு இரண்டாயிரத்து ஏழாம் வருடத் தொடக்கத்தில் எழும்பியது. முதல் மெஷினைக் கொடுத்த கொழும்பு ஏஜென்சியே இதையும் கொடுக்கும், அதே மோட்டார், அதே வயர், அதே பெட்டி என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். அதில் கேட்க என்ன இருக்கிறது? ஜீவராணிக்கு மட்டும் கேட்க நிறைய இருந்தது.

ஜீவராணி அங்கே பொறியியலாளர். பூனாகலையில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், ஒரு லயத்துக் காம்பராவில் பிறந்தவள். அவளுடைய அப்பா சிவஞானம் கொழுந்து அரைக்கும் ரோலருக்குப் பக்கத்திலேயே ஆயுசைக் கழித்து, காது மந்தமாகி ஓய்வு பெற்ற மனுஷன். பண்டாரவளையில் படித்து, பேராதனையில் பட்டம் வாங்கி, கொழும்பில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் சில வருடம் வேலை பார்த்துவிட்டு, யாரும் கூப்பிடாமலே மலைக்குத் திரும்பி வந்தாள். கொழும்பை விட்டு ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கு அவள் பதில் சொன்னதில்லை. சொல்லியாக வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதும் இல்லை.

பொதிக்கூடத்து மெஷின் தேயிலைத் தூளைச் சின்னச் சின்னக் காகிதப் பைகளில் போட்டு, நூல் கட்டி, அட்டை தொங்கவிட்டு, பெட்டிக்குள் அடுக்கும். பழைய காலத்து மெஷின்களில் அடியில் நீளமாக ஓர் இரும்புத் தண்டு ஓடும். ஒரே மோட்டார் தண்டைச் சுழற்ற, தண்டு மற்ற எல்லாவற்றையும் சுழற்றும். காகிதம் நின்றால் கத்தியும் நிற்கும், வேறு வழியே இல்லை. புதிய மெஷினில் தண்டு கிடையாது. காகிதம் இழுக்க ஒரு மோட்டார், தூள் அளக்க ஒன்று, நூலுக்கு ஒன்று, உருளையில் பூட்டிய கத்திக்கு ஒன்று என்று எட்டு மோட்டார்கள் தனித்தனியாக நிற்கும். ஒவ்வொன்றையும் ஓட்டுவதற்கு டிரைவ் என்று ஒரு பெட்டி. நடுவில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, எட்டுக்கும் கணத்துக்குக் கணம் செய்தி அனுப்பி, ஒன்றுக்கொன்று பிசகாமல் ஓட வைக்கும். இரும்புத் தண்டு செய்த வேலையை ஒரு மெல்லிய வயர் செய்கிறது. அந்த வயரில் என்ன பாஷை பேசுவது, யார் எப்போது பேசுவது, பேச்சு அறுந்துபோனால் அவரவர் என்ன செய்வது என்ற ஒழுங்குக்குத்தான் நெறிமுறை என்று பெயர். வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஜீவராணிக்கு அதுதான் மெஷின்.

முந்திய ஐப்பசியில் நடந்த ஒரு காரியத்துக்குப் பிறகு அது அவளுக்கு இன்னும் அதிகமாக அப்படி ஆகியிருந்தது. அன்று மத்தியானம் இடி மழை. மெஷினில் காகிதம் சிக்கி, எல்லாம் நின்று, சிவப்பு விளக்கு எரிந்தது. மெஷினில் வேலை பார்த்த தர்மிளா, சொல்லிக்கொடுத்தபடியே மூடியைத் திறந்து, சிக்கிய காகிதத்தை எடுக்கக் கையை விட்டாள். காகிதம் நின்றிருந்தது. நூல் நின்றிருந்தது. உள்ளே கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கத்தி உருளை மட்டும் நிற்கவில்லை. வலக்கையில் இரண்டு விரல்களின் நுனி போனது.

ஏஜென்சியிலிருந்து வந்து பார்த்தவர்கள், மெஷின் முழுதாக நிற்பதற்கு முன் தொழிலாளி கைவிட்டது கவனக்குறைவு என்று எழுதிக்கொடுத்துப் போனார்கள். தோட்டத்தின் கொழும்புத் தலைமை அலுவலகம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது தர்மிளா அழவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் கவனமாத்தான் இருந்தேன் மிஸ். லைட் எரிஞ்சுச்சு, நின்னுச்சுனு பாத்துட்டுத்தான் திறந்தேன். நான் பொய் சொல்றேன்னு எழுதியிருக்காங்க" என்றாள்.

ஜீவராணி அவளை நம்பினாள். திரும்பி வந்து தேடியபோது, கத்தியின் டிரைவுக்குப் போகும் வயரின் சொருகி தளர்ந்திருந்தது. பேச்சு அறுந்ததும் கட்டுப்பாட்டுப் பெட்டி மற்ற ஏழையும் நிறுத்திவிட்டது. கத்திக்கு மட்டும் 'நில்' என்ற சொல் போய்ச் சேரவில்லை. கடைசியாகக் கேட்ட சொல் 'ஓடு' என்பதுதான். அது ஓடிக்கொண்டே இருந்தது. மூடியைத் திறந்த செய்திகூட அதே வயர் வழியாகத்தான் கத்திக்குப் போக வேண்டியிருந்தது. பேச்சு அறுந்தால் நின்றுவிடு என்று டிரைவுக்குள்ளேயே ஒரு வரி எழுதி வைத்தால் போதும். அந்த இடத்தைத் திறக்கப் போனாள். பாஸ்வேர்ட் கேட்டது. ஏஜென்சிக்கு எழுதினாள். அது உற்பத்தியாளரின் உரிமை, வாடிக்கையாளருக்குத் தரப்படாது என்று பதில் வந்தது.

ஆகவே இரண்டாவது மெஷின் பேச்சு வந்த அன்றே அவள் முடிவெடுத்துவிட்டாள்.

தொழிற்சாலைக்குப் பொறுப்பாக இருந்தவர் தனேஸ்வரன். யாழ்ப்பாணத்துக்காரர். வாலிப வயதில் உத்தியோகத்துக்காகப் பதுளைக்கு வந்து, ஊவா மாகாணத்திலேயே தலை நரைத்தவர். எண்பத்து மூன்று கலவரத்தில் பதுளையில் அவர் வாடகைக்கு இருந்த வீடு எரிந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தக் கூட்டத்திலும் குரலை உயர்த்திப் பேசிக் கேட்டவர்கள் இல்லை.

"பிள்ளை, கொழும்பு முடிவெடுத்திட்டுது. நீர் ஏன் இதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்? சிபாரிசுத் தாளில ஒரு கையெழுத்துத்தானே" என்றார்.

"போட மாட்டேன் சேர்."

"ஏன் எண்டு சொல்லும். நான் கேக்கிறன்."

அவள் சொன்னாள். வழி மூன்று. ஒன்று, ஏஜென்சியின் சொந்த வலையமைப்பு. வேகமானது, நல்லதுதான். ஆனால் அதில் அவர்களுடைய டிரைவைத் தவிர வேறு எதையும் மாட்ட முடியாது, மாட்டியதைத் திறக்கவும் முடியாது. இரண்டு, கொழும்பு அலுவலகத்துக் கம்ப்யூட்டர் பிரிவு சொல்லுகிற யோசனை: ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் ஓடுகிற அதே வலையில் மோட்பஸ் என்ற எளிய நெறிமுறையை வைத்து மோட்டார்களையும் ஓட்டிவிடலாம் என்பது.

"அது பெரகலை வளைவுல கொழுந்து லொறிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்ட பஸ் மாதிரி சேர். வந்து சேரும். எப்ப வரும்னு சொல்ல முடியாது. கிளார்க் ஒரு தாள் பிரிண்ட் போட்டா கத்திக்குப் போற செய்தி காத்துக்கிட்டு நிக்கும். உஷ்ணம் பாக்க, ஃபேன் போட அது போதும். எட்டு மோட்டார ஒண்ணா ஓட்ட ஆகாது."

"மூண்டாவது?"

"கேன்ஓபன். யாருக்கும் சொந்தம் இல்லாத நெறிமுறை. யாரோட டிரைவையும் மாட்டலாம். முக்கியமான செய்திக்கு எப்பவும் முதல் வழி. பேச்சு அறுந்தா யாரு என்ன செய்யணும்னு நம்மளே எழுதலாம், நம்மளே படிச்சுப் பாக்கலாம். ஏஜென்சியோடத விட வேகம் குறைவு. அத நான் மறைக்கல."

தனேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குச் சேவை இன்னும் கொஞ்சக் காலம்தான் இருக்கு. பிரச்சினை இல்லாமப் போகலாம் எண்டு பாக்கிறன்."

"தர்மிளாவும் அப்படித்தான் சேர் நெனச்சிருப்பா."

அவர் கையெழுத்துக்காக நீட்டிய தாளைத் திரும்ப மேசைக்குள் வைத்துக்கொண்டார். ஏஜென்சிக்காரர்களை ஒருமுறை வந்து விளக்கச் சொல்வதாக மட்டும் சொன்னார்.

வந்தவன் மதுசூதனன். பேராதனையில் அவளுக்கு ஒரு வருடம் சீனியர். படிக்கிற காலத்தில் அவனை அவள் 'மதண்ணா' என்று கூப்பிட்டிருக்கிறாள். அவனிடம் நோட்ஸ் வாங்கிப் படித்தும் இருக்கிறாள். கெட்டிக்காரன். மெஷின் தெரிந்தவன். அதனால்தான் அவன் மேல் அவளுக்கே தெரியாமல் ஒரு கோபம் ஏறியது, தெரியாதவன் ஒருவன் வந்து உளறியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

பொதிக்கூடத்துப் பக்கத்து அறையில் லப்டொப்பைத் திறந்து, சுவரில் படம் காட்டினான். தனேஸ்வரனும் இரண்டு சூப்பர்வைசர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மெஷின் பெண்களின் லீடர் இராக்கம்மா கதவோரம் நின்றாள். அவளை ஜீவராணிதான் வரச் சொல்லியிருந்தாள்.

"எங்கட நெட்வேர்க் ஒரு மில்லி செக்கனுக்கு ஒரு தடவை எல்லா மோட்டாரோடும் பேசும். நீ கேக்கிற கேன்ஓபன் பேச நாலு மில்லி செக்கன். அது பழசு ராணி. காருக்குள்ள ஓட்டச் செஞ்ச சாமான்" என்றான் மதுசூதனன்.

"காருக்குள்ள மனுஷர் இருக்காங்க மிஸ்டர் மதுசூதனன். அதனாலதான் எனக்கு அதுல நம்பிக்கை."

'மிஸ்டர்' என்றதும் அவன் ஒரு கணம் நின்று அவளைப் பார்த்தான்.

"எங்க மெஷின் ஒரு பை முடிக்க நானூறு மில்லி செக்கன். நாலுக்கு ஒரு தடவைன்னா ஒரு பைக்குள்ள நூறு தடவை பேசியாச்சு. நடுவுல இருக்கிற தூரத்த டிரைவே கணக்குப் போட்டு நிரப்பும். அதுக்கு மேல வேகத்த வச்சு நாங்க என்ன பண்ண?"

"நாளைக்கு வேகம் கூட்ட நினைச்சா?"

"கூட்டுனா பெட்டி கட்டுற ஆளு எங்க இருக்கு?" என்றாள் இராக்கம்மா கதவோரத்திலிருந்து. சூப்பர்வைசர் ஒருவர் திரும்பி முறைத்தார். அவள் முகத்தைத் திருப்பவில்லை.

ஜீவராணி எழுந்தாள். "ஒரே ஒரு கேள்வி. ஓடும்போது கத்திக்குப் போற வயர் கழண்டா, கத்தி என்ன செய்யும்?"

"சரியா பூட்டினா கழராது."

"கழண்டா?"

"அதுக்கு செட்டிங் இருக்கு."

"எங்க மெஷின்ல அந்த செட்டிங் எப்படி இருக்கு? சொல்லுங்க."

மதுசூதனன் தனேஸ்வரனைப் பார்த்தான். தனேஸ்வரன் சுவரைப் பார்த்தார்.

"வாங்க, மெஷின்கிட்டயே கேப்போம்" என்று ஜீவராணி வெளியே நடந்தாள்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெண்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொன்னாள். சுவிட்ச் இல்லாத பக்கத்து மூடியைக் கழற்றி, கத்தி உருளை தெரியும்படி வைத்தாள். இராக்கம்மா தன் கூடையிலிருந்து, வீட்டுத் தோட்டத்தில் பிடுங்கி வந்த, வெங்காயத்தாள் மாதிரித் தடித்த லீக்ஸ் தண்டு ஒன்றை எடுத்துக்கொடுத்தாள். ஜீவராணி அதை நீளமான மரக்கட்டை நுனியில் கட்டிக்கொண்டு, மற்றக் கையால் கத்தி டிரைவின் வயரைப் பிடித்து இழுத்தாள்.

காகிதம் நின்றது. நூல் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. எந்தச் சத்தமும் இல்லாமல் மெஷின் அமைதியானதுபோல் தெரிந்தது. அவள் மரக்கட்டையை உள்ளே நீட்டினாள். லீக்ஸ் துண்டு துண்டாக வெளியே விழுந்தது. கூடத்தில் அதன் வாசனை எழும்பியது.

பின்னால் நின்ற பெண்களில் ஒருத்தி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

"இதத்தான் தர்மிளா கவனக்குறைவுனு எழுதுனீங்க" என்றாள் ஜீவராணி.

மதுசூதனன் முகம் வெளுத்துவிட்டது. அவன் கெட்டவன் இல்லை. "இத மாத்தலாம், ராணி. நான் ஹெட் ஒபிசில பேசுறன். உற்பத்தி செஞ்சவங்ககிட்ட அனுமதி எடுக்கணும். ரெண்டு மூணு மாசத்துல…"

"இந்தப் பொம்பளைங்க நாளைக்குக் காலையில வேலைக்கு வரணும்."

"சீல் போட்ட பெட்டி அது. நான் இப்ப கையை வச்சா என் வேலை போகும். நீ வச்சா உங்க வொரண்டி போகும்."

"தர்மிளா வெரலுக்கு யாரு வொரண்டி குடுத்தா?"

அவள் பையிலிருந்து திருப்புளியை எடுத்தாள். தனேஸ்வரன், "பிள்ளை, வேண்டாம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அவள் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த ஏஜென்சியின் வெள்ளி நிறச் சீலைக் குறுக்காகக் கிழித்துக் கதவைத் திறந்தாள்.

பாஸ்வேர்டுக்குப் பின்னால் இருந்ததை அவளால் தொட முடியாது. ஆனால் பேச்சு அறுந்தது கட்டுப்பாட்டுப் பெட்டிக்குத் தெரிகிறது. தெரிவதால்தான் சிவப்பு விளக்கை எரிக்கிறது. அதைக் கத்திக்குச் சொல்லத்தான் வேறு வழி இல்லை. அவள் சிவப்பு விளக்குக்குப் போகும் கம்பியிலிருந்து கிளை ஒன்று எடுத்து, மின்சாரம் பட்டதும் தானே திறந்து மூடும் சுவிட்சான ஒரு ரிலேயில் மாட்டினாள். மூடியின் சுவிட்சையும் அதோடு தொடராகச் சேர்த்தாள். விளக்கு எரிந்தாலும் சரி, மூடி திறந்தாலும் சரி, கத்தி டிரைவுக்கு ஓட அனுமதி தரும் கம்பியின் இணைப்பை ரிலே துண்டித்துவிடும். நெறிமுறையும் இல்லை, பாஸ்வேர்டும் இல்லை. வெறும் செப்புக் கம்பி.

வேலை முடியும்வரை மதுசூதனன் அங்கேயே நின்றான். ஓர் இடத்தில் அவள் கம்பி நம்பரைத் தேடியபோது, "இடப்பக்கம், கீழ் வரிசை" என்று தாழ்ந்த குரலில் சொன்னான். அவள் நன்றி சொல்லவில்லை. மறுபடி மெஷினை ஓட்டி, மறுபடி வயரை இழுத்தாள். கத்தி நின்றது. இராக்கம்மா புதிய லீக்ஸ் ஒன்றை நீட்டினாள். அது முழுசாகவே வெளியே வந்தது.

"இது முழுத் தீர்வு இல்லக்கா. அந்தக் கம்பியே அறுந்து விளக்கு எரியாமப் போனா, மூடி சுவிட்சுதான் காப்பாத்தணும். புது மெஷின்ல இப்படி ஒட்டுப் போட விட மாட்டேன்" என்றாள் இராக்கம்மாவிடம்.

"விடாதீங்க மிஸ். அந்த ஏஜென்சி மெஷின்தான் வரும்னா எங்க புள்ளைங்க யாரும் அதுல நிக்க மாட்டாங்க. நான் சொல்லிட்டேன்" என்றாள் இராக்கம்மா. சூப்பர்வைசருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அடுத்த வாரம் கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. ஏஜென்சி முறைப்பாடு செய்திருந்தது. சீலை உடைத்த பொறியியலாளர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லையென்றால் வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்று தலைமை அலுவலகம் சொன்னது. தனேஸ்வரன் அவளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"மன்னிப்புக் கேக்க மாட்டேன் சேர். நிறுத்துறதுனா நிறுத்தட்டும். போறப்போ நேரா பதுளைக்குத்தான் போவேன். தொழில் திணைக்களத்துல லீக்ஸ் கதையையும் சொல்லுவேன்."

"இரும்" என்றார் தனேஸ்வரன். தொலைபேசியில் கொழும்புக்கு அழைத்தார். அவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவர் ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பிறகு அந்தப் பக்கம் இருந்தவரும் தமிழர் என்பதால் தமிழுக்கு வந்தார்.

"அந்தப் பெட்டியைத் திறக்கச் சொல்லி உத்தரவு குடுத்தது நான்… ஓம், நான்தான். தொழிற்சாலைக்குப் பொறுப்பு நான்தானே? மன்னிப்புக் கேக்கிறதெண்டால் நான் கேக்க வேணும். நான் கேக்கமாட்டன்… இல்லை, வயசு போனதால இல்லை. என்ர கண்ணால பாத்தனான்."

அவர் தொலைபேசியை வைத்தார். ஜீவராணிக்குக் கோபம் வந்தது.

"உடைச்சது நான் சேர். எனக்காகப் பொய் சொல்ல வேணாம். என் பேரச் சொல்லுங்க."

"நீர் உடைச்சது சீல். 'வேண்டாம்' எண்டு சொல்லிப்போட்டு உம்மைத் தடுக்காமல் நிண்டது நான். அது உத்தரவு இல்லாமல் என்ன? உம்மட பங்கை நீர் வச்சிரும், என்ர பங்கை எடுக்க வராதேயும்." மேசைக்குள் வைத்திருந்த சிபாரிசுத் தாளை எடுத்து நீட்டி, "இந்தாரும். கேன்ஓபன் எண்டு எழுதி, கீழ ரெண்டு பேரும் போடுவம்" என்றார்.

கொழும்பு உடனே இறங்கி வரவில்லை. ஆனால் தொழிற்சாலைத் தலைவரே கையெழுத்துப் போட்டுவிட்ட சிபாரிசை மறுத்து, மெஷினில் நிற்க மாட்டோம் என்று சொல்லும் பெண்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? டிரைவுகளை வேறு வேறு உற்பத்தியாளர்களிடம் பார்த்து வாங்கலாம் என்பதும் அவர்களுக்குக் கடைசியில் இனித்தது. ஒரு நிபந்தனை போட்டார்கள்: பரீட்சார்த்த ஓட்டத்தில் மெஷின் சரிவராவிட்டால், முழுப் பொறுப்பும் ஜீவராணியினுடையது. அவள் அதற்குக் கையெழுத்துப் போட்டாள். அந்தக் கையெழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.

மெஷின் ஆடி மாதத்தில் வந்து இறங்கியது. பூட்டி ஓடவிட்ட முதல் நாளிலேயே நின்றது. மறுநாளும் நின்றது. ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்கும். திடீரென்று எட்டு மோட்டாரும் ஒன்றாக நிற்கும். சூப்பர்வைசர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். செய்தி கொழும்புக்கு எட்ட அதிக நேரம் ஆகவில்லை. மதுசூதனனிடமிருந்து அழைப்பு வந்தது.

"என்ன ராணி, நின்னு நின்னு போகுதாமே?"

"ஆமா, நிக்குது. நிக்கத்தான் வச்சிருக்கேன். சந்தேகம் வந்தா நிக்கணும்னுதான் எழுதியிருக்கேன். ஏன் சந்தேகம் வருதுன்னு நான் கண்டுபிடிக்கிறேன். அதுக்கு என் மெஷின் கதவ நானே திறக்கலாம்."

"மெஷின் கூடத்துக்குள்ள வயர் எந்த வழியா வருதுன்னு பாத்தியா?" என்று கேட்டான். ஏளனமாகக் கேட்டானா, உதவியாகக் கேட்டானா என்று அவளுக்குத் தெரியவில்லை. "பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

உண்மையில் அவளுக்குப் பயம் இருந்தது. மெஷின் எழுதி வைத்த பதிவுகளைத் திரும்பத் திரும்பப் புரட்டினாள். பேச்சு அறுவது எப்போதும் ஒரே காரணத்தால் இல்லை என்பதுபோல் தெரிந்தது. மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். ஒருமுறை அது நின்ற அதே நொடியில், சுவருக்கு அப்பால் ரோலர் அறையில் பெரிய மோட்டார் ஒன்று உறுமி எழும்புவது கேட்டது. சின்ன வயதில் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் கேட்ட சத்தம். அடுத்த தடவையும் அப்படியே.

எழுந்துபோய் வயர் வரும் வழியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வயர் பூட்டிய காண்ட்ராக்டர், வேலை சுலபம் என்று, மெஷின் பேசுகிற வயரையும் ரோலர் மோட்டாருக்குப் போகிற தடித்த மின்சார வயரையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைத்திருந்தார். மோட்டார் எழும்பும்போதெல்லாம் அதன் இரைச்சல் பேச்சுக்குள் புகுந்தது. செய்தி எதிரொலிக்காமல் இருக்க வயரின் கடைசி முனையில் போட வேண்டிய சின்ன மின்தடை ஒன்றையும் போடாமல் விட்டிருந்தார். அவள் சரிபார்த்திருக்க வேண்டியது. தன்மேலேயே எரிச்சல் வந்தது, அதை யாரிடமும் மறைக்கவும் இல்லை. "வயர் போட்டது பிழை. பாக்காம விட்டது நான்" என்று தனேஸ்வரனிடமே போய்ச் சொன்னாள். பிறகு இரண்டு மின்சாரத் தொழிலாளர்களோடு தானும் ஏணியில் ஏறி, வயரைத் தனி வழியில் இழுத்து, அதன் உலோக உறையை எர்த் கம்பியோடு சேர்த்து, முனையில் தடையைப் பூட்டினாள்.

ரோலர் மோட்டாரை வேண்டுமென்றே நிறுத்தி நிறுத்தி எழுப்பச் சொன்னாள். மெஷின் அசையவில்லை. பைகள் வரிசையாக வந்து விழுந்துகொண்டே இருந்தன. சிரித்த சூப்பர்வைசர்கள் அன்றைக்கு வேறு பக்கத்தில் வேலையாக இருந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு தர்மிளாவின் விஷயத்தில் மட்டும் கொழும்பு அசையவில்லை. 'கவனக்குறைவு' என்று எழுதியதை 'காரணம் தெளிவில்லை' என்று மாற்றித் தருகிறோம், அதோடு விட்டுவிடுங்கள் என்றார்கள். இராக்கம்மா அந்தச் செய்தியை லயத்துக்குக் கொண்டுபோனாள். தர்மிளா கேட்டுவிட்டு, "தெளிவாத்தானே இருக்கு" என்று ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். பதுளையில் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு போட்டாள். சாட்சிக்கு யார் என்று கேட்டதற்கு ஜீவராணி பெயரைக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுத்தான் ஜீவராணியிடம் வந்து சொன்னாள்.

"உங்கள கேக்காம குடுத்துட்டேன் மிஸ்."

"கேட்டிருந்தா நேரம் வீணாயிருக்கும்" என்றாள் ஜீவராணி.

விசாரணையன்று தனேஸ்வரன் அவளுக்கு லீவு போட்டுக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'சொந்த அலுவல்' என்று எழுதப் போனவரைத் தடுத்து, 'சாட்சி' என்று எழுத வைத்தாள். அவளும் தர்மிளாவும் இராக்கம்மாவும் அப்புத்தளையிலிருந்து பஸ்ஸில் போனார்கள். பதுளையில் இறங்கியபோது வெயில் காய்ந்தது. தோட்டக் கம்பனி சார்பில் ஒரு வழக்கறிஞர் வந்திருந்தார். ஏஜென்சி சார்பில் யாரும் வரவில்லை.

ஜீவராணி மெஷின் எப்படி ஓடும், பேச்சு எங்கே அறுந்தது, கத்தி ஏன் நிற்கவில்லை என்று விளக்கமாகச் சொன்னாள். விசாரணை அதிகாரி பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மொழிபெயர்ப்பாளர் தடுமாறிய இடங்களில் அவளே சிங்களத்தில் சொன்னாள்.

கம்பனி வழக்கறிஞர் எழுந்தார். "நீங்கள் இன்னும் இந்தக் கம்பனியில்தான் சம்பளம் வாங்குகிறீர்கள்?"

"ஆமாங்க."

"அப்படியிருந்தும் கம்பனிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறீர்கள்."

"மெஷின் என்ன செஞ்சதுன்னு சொல்றேன். அது யாருக்கு எதிரா விழுதோ, விழட்டும்."

"உங்கள் எதிர்காலத்தைப் பற்றி யோசித்தீர்களா?"

"அது இந்த விசாரணையில இல்லயே" என்றாள். அதிகாரி பேனாவை நிறுத்தி, அந்தக் கேள்வியை எழுத வேண்டாம் என்று எழுத்தரிடம் சொன்னார்.

முடிவு வர மாதக்கணக்கானது. தர்மிளாவின் மேல் பிழை இல்லை என்றும், கம்பனி நட்டஈடு கொடுக்க வேண்டும் என்றும் தீர்ந்தது. ஜீவராணிக்கு வர வேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. தனேஸ்வரன், தன் மனதுக்கு நிம்மதியாகவே, ஓய்வு பெற்றார். பின்னால் மதுசூதனன் அந்த ஏஜென்சியை விட்டு விலகியதாகக் கேள்விப்பட்டாள், ஏன் என்று விசாரிக்கவில்லை.

ஆனால் விசாரணை முடிந்து வெளியே வந்த அன்று இதெல்லாம் யாருக்கும் தெரியாது. மூவரும் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். தர்மிளா இடக்கையால் சோற்றைப் பிசைந்து பழகியிருந்தாள். அன்று வலக்கையாலேயே சாப்பிட்டாள், மெதுவாக, பக்கத்து மேசைக்காரர் பார்ப்பதைப் பொருட்படுத்தாமல்.

"திங்கக்கிழமை வேலைக்கு வாறேன் மிஸ்" என்றாள்.

"வா. பெட்டி கட்டுற பக்கம் போடச் சொல்றேன், பாரம் இல்ல."

"வேணாம். புது மெஷின்ல, கத்திப் பக்கம். அங்கதான் நிப்பேன்."

இராக்கம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஜீவராணி தலையை அசைத்து அவளைத் தடுத்தாள்.

"சரி. கத்திப் பக்கம்" என்றாள்.

தர்மிளா இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாள்.